முதல் வருடமும் முகநூலும்

மற்ற வேலைகளில் புதியவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஆசிரியர் வேலையில் முதல் நாளே முப்பது பிள்ளைகள் நம்மை வேடிக்கை பார்க்கும். என்னைப் போல் விழித்தவர்களுக்கு இது புரியும். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் பக்கத்துப் பள்ளிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் முகநூலின் ஆசிரியர் குழுவில்தான் அன்றைய பாடத்துக்கு யோசனை தேடுவேன்.

கழித்தல்

மணிகளை வைத்துக் கழித்தல் சொல்லித்தரும் வீடியோ ஒன்று பார்த்தேன். மணிக்கு எங்கே போவது? ஆளுக்குப் பன்னிரண்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தேன். ஐந்தை எடுத்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று முன்வரிசைச் சிறுமியைக் கேட்டேன். வாய் நிறைய மென்றுகொண்டே சொன்னாள்:

“ஒண்ணும் இல்ல டீச்சர், மிச்சத்தையும் கழிச்சிட்டேன்.”

முன்னூறு

நான் எழுதிய எண் அட்டையைப் படமெடுத்துப் பெருமையாகக் குழுவில் போட்டேன். மாலைக்குள் நாற்பது பேர் திருத்திவிட்டார்கள்: அது ‘முன்னூறு’ இல்லை, ‘முந்நூறு’. “இவங்கதான் டீச்சரா?” என்றும் ஒருவர் கேட்டிருந்தார்.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். கையில் போன், திரையில் என் படம். மெமோதான் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தன் அறைச் சுவரில் தொங்கிய பழைய அட்டையைக் காட்டினார். அதிலும் ‘முன்னூறு’.

“இத்தினி வருசமா நானும் இப்படித்தான் எழுதிக்கினு இருக்கேன். வாம்மா, ரெண்டையும் ஜல்தியா திருத்திடலாம்.”

அஞ்சலை

மூன்றாம் வகுப்பு அஞ்சலை வாயே திறக்கமாட்டாள். வாசிக்கத் தெரியாதவர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதும் நாள் நெருங்கியது. பட்ட அவமானத்தை மறந்து குழுவில் மறுபடி கேட்டேன். வானூர் ஆசிரியை ஒருவர், “எழுப்பி நிறுத்தாதீங்க. போனைக் கொடுத்துத் தனியா வாசிச்சுப் பதிவு பண்ணச் சொல்லுங்க” என்று எழுதினார்.

அஞ்சலை போனோடு பள்ளிக்குப் பின்புறம் போனாள். திரும்பி வந்து போனை நீட்டினாள். பஸ்ஸில் காதில் வைத்துக் கேட்டேன். பாடம் முழுவதும் தடங்கலே இல்லை. நடுவில் ஒரு கோழியை விரட்டிவிட்டு, விட்ட வரியிலிருந்தே தொடர்ந்திருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் அவள் அம்மாவை வரவழைத்துப் போட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“வூட்ல இவ வாய மூடவே மாட்டா டீச்சர். உங்களப் பாத்துதான் பயந்துகினு இருந்தா.”

பாடம் நடத்த இணையத்தில்தான் கற்றேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் கற்றது, தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் பார்க்க எழுதினாலும் வேலை போய்விடாது என்பதைத்தான்.