படவ நின்ன

அந்த அஞ்சலட்டையின் மூலைகள் மழுங்கியிருந்தன. எங்கள் ஓசூர் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் அதை மத்திகிரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்துக் கொண்டுவந்தார். கோதாவரியில் ஓடிய ஒரு துடுப்புச் சக்கர நீராவிப் படகின் வரலாற்றை நான் எட்டு வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தேன். கொதிகலனுக்கு விறகு ஏற்றிய துறைகள், கோடையில் மணல் திட்டில் தட்டி நின்ற நாட்கள், லாரிகள் வந்தபின் சரக்கு குறைந்த விதம், எல்லாம் தேதியோடு என் கோப்பில் இருந்தன. கடைசி ஓட்டத்தின் தேதி மட்டும் கிடைக்கவில்லை. அது இவர் வீட்டுப் பெட்டியில் கிடந்திருக்கிறது. அந்தப் படகின் கொதிகலனுக்கு விறகு போட்டவர் இவருடைய பெரியப்பா; அட்டையை வீட்டுக்கு எழுதியதும் அவரே.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. புத்தகமே தொடாத மனிதர். இரு பக்கச் சக்கரங்களும் தண்ணீரை அறையும் சத்தத்தை, சிறுவயதில் பெரியப்பாவிடம் கேட்டபடியே, கன்னத்தைத் தட்டிச் செய்துகாட்டினார். கேன்டீனே அவரைச் சுற்றி நின்றது. என் கோப்பை ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அட்டையைத் தெலுங்கில் வாசித்தார்: "படவ நின்ன ஆகரு ட்ரிப்பு." எனக்குத் தெலுங்கு தெரியும் என்ற நினைப்பில், படகு நின்ற கடைசிப் பயணம் என்று எழுதிக்கொண்டு, அட்டையிலிருந்த வெள்ளிக்கிழமைத் தேதியையே போட்டேன். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைக் கேன்டீனில் எல்லோர் முன்னும் வாசித்தபோது அவர் சிரித்துவிட்டார்.

"சார், நின்னன்னா நிக்கிறது இல்ல சார், நேத்து! வெள்ளிக்கிழம எழுதுன கார்டு, படகு ஓடுனது வியாழக்கிழம. இத்தினி வருசமா ஓசூர்ல இருக்கீங்க, இதுகூடவா தெரில?"

"நின்ன சார்!" என்று யாரோ கத்த, அதுவே என் பெயராகிவிட்டது.

தவறான தேதியை என்னால் பொறுக்க முடியாது. வியாழன் என்று திருத்தினேன். ஆனால் அட்டையை எழுதியவர் யார், தந்தவர் யார் என்று குறிப்பிட வேண்டிய இடத்தில் கை ஓடவில்லை. 'ஒரு பழைய அஞ்சலட்டையின்படி' என்று மட்டும் அடிக்குறிப்பு போட்டேன். என் எட்டு வருடத்தில் ஒரு வரிகூட அவருக்குப் போகக் கூடாது என்றிருந்தது. இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். இதை எழுதும்போதும் அந்த எரிச்சல் முழுதாக ஆறவில்லை.

புத்தகம் வந்த அன்று பத்துப் பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டார். உறவுக்காரர்களுக்காம். ஒன்றை ஸ்டோர் ஜன்னலில் விரித்து, விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"சார், எங்க பெரியப்பா பேரு எந்தப் பக்கத்துல வருது?"

பார்ப்போம் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நானும் அவருடன் சேர்ந்து தேடினேன்.