முடிச்சுப் போட இரண்டு கை

போதகரின் மனைவிக்குக் காது போனது தறிக்கூடத்தில். பதினேழு வயதில் உள்ளே போனவள், முப்பதில் வெளியே வந்தபோது தறிகளின் சத்தத்தோடு மற்ற எல்லாச் சத்தத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதற்காக அவள் மூக்கைச் சிந்தி யாரும் பார்த்ததில்லை. "நல்லதாப் போச்சு, நாத்தனார் பேச்சைக் கேக்க வேண்டியதில்ல" என்பாள். நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்வாள்.

தறிக்கூடத்தில் பேச்செல்லாம் கையால்தான். ஒட்டிய இரண்டு விரலை வெடுக்கென்று பிரித்தால், இழை அறுந்துவிட்டது. இரண்டு கை விரல்களையும் நெருக்கிச் சுழற்றினால், முடிச்சுப் போட்டாயிற்று, தறியை ஓட்டு. உள்ளங்கையைக் காட்டி மெல்லத் தாழ்த்தினால், பொறு, வந்துகொண்டே இருக்கிறேன். இல்லாத மீசையை முறுக்கினால், மேஸ்திரி வருகிறான், ஜாக்கிரதை.

கல்யாணமான புதிதில் போதகர் பிரசங்கம் செய்தால் மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல் இருக்கும். மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். விட்டால் விழுந்துவிடுவார் என்று தோன்றும். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டே வந்த நாட்கள் அவை. ஒரு ஞாயிறு வீடு திரும்பியதும் கேட்டாள்: "நான் எதுக்குங்க அங்க வந்து உக்காரணும்? வீட்ல துணி மடிச்சிட்டிருந்தா அந்த வேலையாவது முடியும்."

அந்த வாரம் முழுக்க அவர் அடுப்படியில் நின்று அவளிடம் சைகை கற்றுக்கொண்டார். அடுத்த ஞாயிறு கைகள் விளிம்பை விட்டன.

மனிதன் கடவுளை விட்டுப் போனதைச் சொல்லும்போது விரல்கள் வெடுக்கென்று பிரிந்தன. மன்னிப்பைச் சொல்லும்போது இரண்டு கையும் சேர்ந்து முடிச்சுப் போட்டன. ஜெபத்துக்குப் பதில் வரத் தாமதமாகிறதா, உள்ளங்கை தாழ்ந்தது: பொறு, வந்துகொண்டே இருக்கிறேன். எதிலும் குற்றம் தேடும் பரிசேயர் வந்த இடத்தில் அவர் மீசையை முறுக்க, பின்வரிசையில் இருந்த தறிக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

சபை மூப்பருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இது பிரசங்கமா, நாடகமா?"

"உங்களுக்குத்தான் காது நல்லா இருக்கே மூப்பரே, கண்ண மூடிட்டுக் கேளுங்க" என்றார் போதகர்.

வேறு சபைகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தூங்கிவழிகிறவர்கள்கூட அந்தக் கைகள் எழுந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்காகத்தான் அவை எழுந்தன என்பது யாருக்கும் தெரியாது.

அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. அடக்கத்தின்போது போதகர் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவளைப் பார்த்து நின்று, இழை அறுந்ததைக் காட்டினார். வெகுநேரம் கழித்து, முடிச்சையும் போட்டார். அதன் பிறகு அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் எழுந்ததும் அந்த முடிச்சை நம்பித்தான்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று மாதத்தில் நடை தேறியது, குரலும் திரும்பியது. வாய் மட்டும் ஒரு பக்கம் கோணிவிட்டதால், அதைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள அவளால் முடியவில்லை. வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது.

மீண்டும் மேடை ஏறிய ஞாயிறு அவருடைய இடது கை எழுந்தது. விரல்கள் வெடுக்கென்று பிரிந்தன. அவள் முடிச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த வாரமும் அறுந்தது, முடிச்சு விழவில்லை. மீசையைக்கூட முறுக்கினார், பின்வரிசை சிரித்தது. முடிச்சு இல்லை, தாழும் உள்ளங்கையும் இல்லை. சுற்றிலும் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாத்தனாரிடம் கேட்டுப் பார்த்தாள். "உங்க அண்ணன் என்னதான் பேசுறார்?"

நாத்தனார் வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாகக் காட்டினாள். "நல்லா. பேசுறார். அண்ணி."

"அதான், என்னன்னு?"

"அது... நல்லாத்தான் பேசுறார்!"

தூங்கியிருக்கிறாள் என்று தெரிந்தது.

ஏழு ஞாயிறு இப்படிப் போயிற்று. அவருக்கு விசுவாசம் போய்விட்டது என்று அவள் முடிவுகட்டினாள். சாப்பிடும் முன் அவர் கண்ணை மூடும்போது உற்றுப் பார்த்தாள். மூடிய கண்ணில் என்ன தெரியும்? முடிச்சு பொய்யென்றால், அந்த ஒன்பது நாள் பிள்ளை எங்கே?

ஏழாவது ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை காலை, அவருக்குச் சட்டை போட்டுவிட்டுப் பொத்தான் மாட்டும்போது கேட்டுவிட்டாள். "ஏங்க, மறைக்காமச் சொல்லுங்க. உங்களுக்கு விசுவாசம் போயிடுச்சா? ஏழு வாரமா அறுந்ததையே சொல்றீங்களே, முடிச்சு எங்க?"

அவர் திகைத்தார். பிறகு தொங்கும் வலது கையைக் கண்ணால் காட்டினார். மேசையில் கிடந்த நோட்டை இழுத்து இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்: 'முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும். வாயால் சொல்கிறேன், ஒவ்வொரு வாரமும்.'

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அட, நான் ஒரு மடச்சி! தினமும் இந்தக் கைக்கு நான்தான சட்டை மாட்டுறேன், இது தோணலையே!" கண்ணில் தண்ணீர் வர அடுத்த பொத்தானை மாட்டினாள். அதற்கடுத்ததில் விரல் நின்றது.

"அந்த 'பொறு, வந்துகிட்டே இருக்கேன்'... அதுக்கு ஒரு கை போதுமே?"

பென்சில் மெல்ல நகர்ந்தது: 'வாயால் சொல்லிவிட முடிகிறது. உன்னைப் பார்த்துக் கையால் சொல்ல முடியவில்லை.'

"அப்ப, விசுவாசம் எப்பப் போச்சு?"

'ஆஸ்பத்திரியில்.'

"அப்புறம் எதுக்கு மேடை ஏறுறீங்க?"

'கேட்க ஜனங்கள் வருகிறார்களே.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டு, மீதிப் பொத்தான்களை மாட்டி, காலரைச் சரிசெய்தாள். "சரி. காப்பி ஆறுது, வாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் அதே முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவருடைய இடது கை பாதி எழுந்து, அவளைக் கண்டதும் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வாய் மட்டும் அசைந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பிரசங்கத்துக்குத் தலையாட்டியதே இல்லை. கண்ணுக்கு அத்தனை வேலை இருந்தது. இன்று பக்கத்துப் பெண்ணைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். அவள் தலையாட்டியதும் இவளும், எல்லாம் கேட்டது போல, மெல்லத் தலையாட்டினாள்.

அவர் பேச்சு நின்றுபோனது அவளுக்குக் கேட்கவில்லை. சுற்றிலும் தலைகள் நிமிர்ந்ததில் தெரிந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கோணிய வாய் மறுபடி அசையத் தொடங்கியது. அவள் தலையாட்டுவதை நிறுத்தவில்லை.