மூன்று வருடத்தில் முடியுமா?

பிளஸ் டூ முடித்த கோடையில் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, வெளியூரில் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் கணிதம். இன்னொன்று, திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியில் அதே கணிதம்.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பெரிய இடத்தின் மேல்தான் ஆசை. எனக்குப் பெரியம்மா மகளின் ஞாபகம். அக்கா அங்கேதான் படித்தாள். தேர்வுகள் தள்ளிப்போய், ஒரு தாளுக்கு மறுதேர்வும் வைத்து, ரிசல்ட் வருவதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்துவிட்டது. "இன்னுமா படிக்கிற?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து தன் ஊரான ஆத்தூரில் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தினாள்.

அதனால் எனக்கு ஒரே கேள்விதான். சேர்கிறவர்கள் சொன்ன காலத்தில் பட்டம் வாங்குகிறார்களா? பல்கலைக்கழக இணையதளத்தில் கட்டடங்களின் படங்கள் இருந்தன. இதற்குப் பதில் இல்லை. போன் செய்தேன்.

"மூணு வருஷக் கோர்ஸ்னா மூணு வருஷந்தாம்மா. இதென்ன கேள்வி?" என்றார் எடுத்தவர்.

"ரிசல்ட் லேட்டாகுமான்னு கேட்டேன், சார்."

"அத எக்ஸாம் செக்‌ஷன்ல கேளுங்க."

தேர்வுப் பிரிவின் எண்ணில் யாரும் எடுக்கவே இல்லை.

உள்ளூர்க் கல்லூரிப் பெண்களை பஸ் நிலையத்தில் பிடித்து விசாரித்தேன். எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும் என்றார்கள். அப்பா எரிச்சலானார்.

"இம்புட்டு நல்ல சீட்ட விட்டுட்டு, எப்ப முடியும்னு பாத்தா காலேஜ் சேருவாக?"

"அக்கா பாக்கலப்பா. என்னாச்சு?"

"உன் இஷ்டம்" என்று அப்பா எழுந்து போனார்.

உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்ந்தேன். ஒரு தாளில்கூட நான் தோற்கவில்லை. கடைசித் தேர்வும் குறித்த நாளில் முடிந்தது. எங்கள் வருடம் பார்த்து ரிசல்ட் மட்டும் வரவில்லை. வாராவாரம் அலுவலகத்தில் போய் நின்றேன்.

"பேப்பர் திருத்துறதெல்லாம் யுனிவர்சிட்டிம்மா. எங்க கையில ஒண்ணுமில்ல" என்றார் அங்கிருந்தவர், தலையைத் தூக்காமலே.

வீட்டில் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன். பி.எட். சேர்க்கை முடிந்த பிறகு வந்த ரிசல்ட்டில் முதல் வகுப்பு. அம்மா பக்கத்து வீடுகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். என்னால் ஒன்றைக்கூட வாயில் போட முடியவில்லை.

அடுத்த வருடம்தான் பி.எட். சேர்ந்தேன். இப்போது ஆசிரியை வேலைக்கு நேர்காணலுக்குப் போகிற இடத்திலெல்லாம், "நடுவுல ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்கிறார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன் என்றால், நான் எதையோ மறைப்பதுபோல் பார்க்கிறார்கள்.