இரண்டு பேர் தூக்குகிற பீரோ

ஸ்கேன் சென்டரில் அவளுக்கு ‘அசையாதீங்க அக்கா’ என்று பெயர். முன்மேசையில் டோக்கன் கொடுக்கிற பெண் வைத்த பெயர் அது. வைத்த மறுநாளே டாக்டர் உட்பட எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் “மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க” என்று அதட்டுகிறவளுக்கு, தான் மட்டும் ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார வராது. டீ குடிப்பது நின்றுகொண்டு. சாப்பிடுவது அடுப்பங்கரைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவாள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு வீடியோ கேம் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்?

பைத்தியம் என்பதும் சரியில்லை. ஆடுகிறவர்களைத்தானே அப்படிச் சொல்ல வேண்டும்? இவள் வாங்குவாள், அவ்வளவுதான். ஆன்லைன் கடையில் தள்ளுபடி என்று எங்கே போட்டாலும் இவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். முக்கால் விலை குறைத்திருக்கிறார்கள், நாளை காலையோடு முடிகிறது என்று கடிகாரம் ஓட ஆரம்பித்தால் கை சும்மா இருக்காது. டிராகன் வளர்க்கிற ஆட்டம், ரயில் ஓட்டுகிற ஆட்டம், கடலுக்கடியில் தபால் கொடுக்கிற ஆட்டம் என்று அவள் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடியவை ஒன்பது. நான் இட்டுக்கட்டவில்லை. எதை எவ்வளவு நேரம் ஆடினாள் என்று கடைக்காரனே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான், மானத்தை வாங்க.

“உன் ஆட்டத்தையெல்லாம் ஆடி முடிக்க இன்னொரு ஜென்மம் எடுக்கணும். அதுக்கும் தள்ளுபடி போடுறாங்களான்னு பாரு” என்பார் வீட்டுக்காரர். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டுகிற காரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷருக்குப் பொறுமைக்குக் குறைச்சல் இல்லை.

வாங்குவது போதாதென்று கிரவுட்ஃபண்டிங் வேறு. எவரோ எங்கேயோ இருந்துகொண்டு, இப்படியொன்று செய்யப் போகிறோம், முன்பணம் கட்டிக் கைகொடுங்கள் என்பார்கள். இவள் கொடுப்பாள். விரித்தால் நாற்காலியாகிற முதுகுப்பை வந்தது, உட்கார்ந்ததும் உடைந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் விசிலடிக்கிற பூந்தொட்டி வந்தது, அது நாள் முழுக்க விசிலடித்தது. பாதிப் பொருள் வரவேயில்லை. அதற்கெல்லாம் அவள் கவலைப்பட்டதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டுகிற நிமிஷத்தில், என்றைக்கோ ஒரு நாள் தானும் நிம்மதியாக உட்காரப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றும். அந்த நினைப்புக்குத்தான் அவள் விலை கொடுத்தாள். பொருள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

அவளை உட்கார வைக்கத் தெரிந்தவன் ஒருத்தன் உண்டு. அவளுடைய தம்பி. வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சின்ன வயதில் ஒரே கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து ஆடியவர்கள் இரண்டு பேரும். கல்யாணமாகித் தனித்தனி வீடான பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். அப்பா அங்கேதான் இருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். முக்கியமான கட்டத்தில் சரியாக டிவிக்கு முன்னால் வந்து நின்று, “இடது பக்கம் போயிருக்கணும்” என்று ஆலோசனை சொல்வார். அப்போது ஒருவர் எழுந்து அவரிடம் பேச்சுக் கொடுத்து வாசல் பக்கம் கூட்டிப்போக, மற்றவர் அந்தக் கட்டத்தை முடிப்பார். ‘அப்பாவை நீ பாத்துக்கோ’ என்றால் அவர்களுக்குள் அர்த்தம் அதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஆட்டம் செய்யப் பணம் திரட்டினார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். ஒருவர் கையை விட்டால் பீரோ அடிவாரம் வரை உருண்டுவிடும். தனியாக ஆட வழியே இல்லை. அதைப் பார்த்ததும் அக்காவுக்கும் தம்பிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவள் ஜோடியாகவே பணம் கட்டினாள். படிவத்தில் இரண்டாவது ஆளின் மெயில் முகவரி கேட்டிருந்தார்கள். அவருக்கு ஒரு வரி எழுதினால் ஆட்டம் தயாரானதும் சேர்த்து அனுப்புவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதினாள்: “அப்பாவை நீ பாத்துக்கோ. மலையை நான் பாத்துக்கறேன்.”

ஒரு வருஷத்தில் வருவதாகச் சொன்ன ஆட்டம் வரவில்லை. இரண்டாம் வருஷமும் இல்லை. மெயில்கள் மட்டும் வந்தன. பீரோவின் கதவு சரியாகத் திறக்கவில்லை, மலையில் பனி பெய்ய வைக்கப் போகிறோம், மன்னிக்கவும், இன்னும் கொஞ்சம் நாள். இப்படி நாற்பது ஐம்பது மெயில். அவள் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. கிரவுட்ஃபண்டிங் மெயிலெல்லாம் கண்ணில் படாமல் தனியாக ஒதுங்கும்படி செய்துவிட்டு அடுத்த தள்ளுபடிக்குப் போய்விட்டாள்.

அதற்குள் அப்பா படுத்துவிட்டார். பத்து மாசம். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் தம்பிதான். இவள் வருவாள், கட்டில் பக்கத்தில் இரண்டு நிமிஷம் நிற்பாள், மருந்துச் சீட்டைப் படிப்பாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், கிளம்பிவிடுவாள். மற்றவர் எலும்பையெல்லாம் பதறாமல் பார்க்கிறவளால் அப்பாவின் கையைப் பார்க்க முடியவில்லை. கடைசி வாரத்தில் ஒரு மதியம் அவளைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுத் தம்பி அரை மணி நேரம் கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் போனும் கையுமாக வராண்டாவில் நடந்துகொண்டிருந்தாள். உள்ளே அப்பா தண்ணீர் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தார்.

அவன் முதலில் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தான். அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு கேட்டான். “அப்பா தண்ணி கேட்டது உன் காதுல விழல. தள்ளுபடி முடியப்போறது மட்டும் கண்ணுல பட்டுச்சு, இல்ல?” நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வாயில் வந்தது வேறு. “நீ ஒருத்தன்தான் புள்ளையாடா?” என்று கேட்டுவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம். கேம் கடையின் நண்பர் பட்டியலில் தம்பி பெயருக்குப் பக்கத்தில், அவன் ஆன்லைனில் இருக்கிறான் என்கிற பச்சைப் புள்ளி தெரிந்தால் இவள் சட்டென்று வெளியே வந்துவிடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, ஒரு முழங்காலுக்கும் ஒரு நெஞ்சுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில், போனில் வேறு எதையோ துழாவும்போது பீரோ ஆட்டக்காரர்களின் மெயில் ஒன்று கண்ணில் பட்டது. ஆட்டம் தயார். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஆட்டத்தைத் திறக்கிற சாவி எண் வரும். ஜோடியாகப் பணம் கட்டியவர்களின் இரண்டாவது ஆளுக்கு, நீங்கள் எழுதிய வரியோடு சேர்ந்து போகும்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த வரி ஞாபகம் வந்தது. ‘அப்பாவை நீ பாத்துக்கோ.’

படிவத்தைத் திறந்தாள். எழுத்து வெளிறிக் கிடந்தது, விரல் வைத்தால் அசையவில்லை. மாற்றுகிறவர்கள் மூன்று வாரத்துக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டுமாம். அதைச் சொன்ன மெயிலும் ஒதுக்கிவிட்ட குவியலில் பிரிக்காமல் கிடந்தது. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டம் செய்கிறவர்களுக்குத் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். தயவுசெய்து அந்த வரியை அனுப்பாதீர்கள், ஆட்டமே அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, என் அப்பா இப்போது இல்லை, தம்பி வேறு மாதிரி எடுத்துக்கொள்வான். அனுப்பியபின் திரும்பிப் பார்த்தால், நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கியபடி நிற்கிறார். அன்றைக்கு அவரிடம் ‘மூச்சைப் பிடிங்க’ என்று சொல்ல மறந்து, படம் கலங்கிப்போய், இரண்டாவது தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

“என்னக்கா, நீங்களே அசைஞ்சுட்டீங்களா?” என்று டோக்கன் பெண் சிரித்தாள். அவளை எரித்துவிடுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள் இவள்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “இதுக்கு எதுக்கு இவ்வளவு? போன் பண்ணி, இப்படி ஒண்ணு வரும், பழசு, தப்பா எடுத்துக்காதேன்னு சொல்லிடு” என்றார்.

“நீங்க சொல்லுங்களேன்.”

“நானா எழுதினேன்?”

புதன்கிழமை ஆறு தடவை தம்பியின் எண்ணை எடுத்தாள். மணி அடிப்பதற்குள் ஆறு தடவையும் வைத்துவிட்டாள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கால் தானாகவே வேறு பஸ்ஸில் ஏறியது. தம்பி கடைக்கு எதிரே, மருந்துக்கடை நிழலில் போய் நின்றாள். கடையில் ஒரு வாஷிங் மெஷின் குப்புறக் கிடந்தது. அதற்குள் தோள்பட்டை வரை கையை விட்டுக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். முதுகு கூனியிருந்தது. இரண்டு வருஷத்தில் இவ்வளவா நரைக்கும்? தெருவைத் தாண்ட எட்டடிதான். மருந்துக்கடைப் படியில் மூன்று தடவை இறங்கி மூன்று தடவை ஏறினாள். மருந்துக்கடைக்காரர் “என்னம்மா வேணும்?” என்று கேட்டதும் வேண்டாத மாத்திரை ஒரு அட்டை வாங்கினாள். அதற்குள் தம்பி கடையை மூட எழுந்துவிட்டான். எட்டாத ஷட்டரை இழுக்க உள்ளேயிருந்து ஒரு கைத்தடியை எடுத்தான். பிடியில் மஞ்சள் டேப் சுற்றிய தடி. அப்பாவுடையது. தடியின் வளைவை ஷட்டரில் மாட்டி, பழகிய கையோடு ஒரே இழுப்பில் இழுத்தான்.

அந்தத் தடியை அவன் தினமும் கையில் பிடிக்கிறான். இவளோ அப்பாவுடையதென்று ஒரு கைக்குட்டைகூட எடுத்து வரவில்லை. பயந்தாள், அவ்வளவுதான் உண்மை. அப்பா சாவதைப் பார்க்கப் பயந்து ஓடினாள். ஓடியது வெளியே தெரியாமலிருக்கப் போனைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. மருந்துக்கடைப் பையைக் கசக்கிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஈய அங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. அந்தப் புருஷன் பெண்டாட்டி எழுதியிருந்தார்கள். உங்கள் வரியை நிறுத்த முடியவில்லை, மன்னிக்கவும். ஏனென்றால் அது ஏற்கெனவே போய்விட்டது. இவ்வளவு தாமதமாகிவிட்டதே, இன்னும் வேண்டுமா என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஜோடிகளின் இரண்டாவது ஆட்களையெல்லாம் கேட்டோம். அப்போதே அந்த வரியையும் காட்டினோம். உங்கள் தம்பி அன்றைக்கே ‘வேண்டும்’ என்று பதில் போட்டுவிட்டார். அதிலிருந்து மாசம் தவறாமல், எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டு எங்களைத் தூங்கவிடாமல் செய்கிறவர் அவர்தான். உங்களுக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். சாவி எண்ணோடு வரும்.

ஒன்றரை வருஷமாக! இவள் பிரிக்காமல் ஒதுக்கித்தள்ளிய மெயிலையெல்லாம் அங்கே ஒருத்தன் உட்கார்ந்து படித்திருக்கிறான். பீரோக் கதவு திறக்காததையும், மலையில் பனி பெய்ததையும் தெரிந்துகொண்டு காத்திருந்திருக்கிறான்.

சாவி மதியம் வந்தது. அப்போது ஒரு பெரியவர் எக்ஸ்ரே தட்டில் நெஞ்சை அழுத்தி நின்றிருந்தார். மூச்சைப் பிடிக்கச் சொல்லி, பொத்தானை அழுத்தி, படத்தை எடுத்தாள். போன் அதிர்ந்தது. ஒரே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எடுத்தாள்.

“அப்பாவை நான் பாத்துக்கிட்டேன். பீரோவை ஒத்தை ஆளா தூக்க முடியாது. வா.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திணறலாக ஒரு குரல் வந்தது. “அம்மா... மூச்சை விடலாமா?”

“விடுங்க ஐயா, விடுங்க” என்றாள். மூக்கை ஈய அங்கியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பச்சைப் புள்ளி எரிந்தது. ஆட்டத்துக்குள் போனால், மலையடிவாரத்தில் பீரோவின் ஒரு பக்கம் ஓர் ஆள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். ஹெட்செட்டை மாட்டினாள்.  அவளுடைய முழங்கால் மேசைக்கு அடியில் தடதடவென்று ஆடியது.

“தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காரு” என்றான் தம்பி. “நடுவுல எந்திரிக்கக் கூடாது.”

“தம்பி, அன்னிக்கு அப்பா...”

“அக்கா. தூக்கு.”

தூக்கினாள். நாலாவது அடியில் பீரோ உருண்டது. மறுபடி தூக்கினார்கள். முதல் வளைவில் உருண்டது. “இடது பக்கம் போயிருக்கணும்” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே மறுபடி தூக்கினார்கள். வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். திரையின் மூலையில் ஏதோ ஒரு தள்ளுபடியின் கடைசி நிமிஷங்கள் மினுக்கி மினுக்கி ஓடி முடிந்தன. அவள் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பீரோவைப் பிடித்திருந்தாள்.