கல் பாதையில் ஒரு சொட்டு நிற்கவில்லை

பங்களாத் தோட்டத்தில் என் புருஷன் போட்ட கல் பாதையை இன்றைக்கும் நான் வெறுக்கிறேன். மழை பெய்தால் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பெண்சாதி, துரைசாணியின் செருப்பு நனையக் கூடாதாம். அதற்காக மலையில் கிடந்த தட்டைக் கல்லையெல்லாம் பொறுக்கி வந்து, அடியில் சல்லியும் மணலும் கொட்டி, ஒரு பக்கம் லேசாகச் சரித்துப் பதித்தார். ஒவ்வொரு கல்லிலும் வாளித் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தியிருந்து பார்ப்பார். என்னையோ பிள்ளைகளையோ அப்படிப் பார்த்ததில்லை.

அந்தப் பாதை வடிந்த பக்கத்துக்கு நேர் கீழே, கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயம். அதன் கோடியில் இருந்த ஒற்றை அறைக் காம்பரா எங்களுடையது. மணல் சுமந்துகொண்டிருந்த நான், எங்களை வேலை வாங்கிய கங்காணியிடம் சொன்னேன்.

"தண்ணிய ஓடைப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. இப்படி விட்டா எங்க காம்பராவுக்குள்ளதான் வரும்."

"அந்தப் பக்கம் தொரசாணியோட ரோசாப் பாத்தி இருக்கு. வாய மூடிக்கிட்டு மணலச் சொம. இல்லாட்டி ரெண்டு பேருக்கும் அரைப் பேருதான்."

அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம். என் புருஷன் அடுத்த கல்லில் வாளித் தண்ணீரை ஊற்றினார்.

மாவுக்கும் பேக்கரிப் பாணுக்கும் பஞ்சம் வந்த காலம் அது. பதுளை டவுனுக்குப் போய் நாள் பூரா வரிசையில் நின்றாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கூப்பனுக்குக் கிடைத்த கொஞ்சம் மாவை மூட்டையாகக் கட்டி, அடுப்போரம் தரையில் கிடந்த ஒரு பலகை மேல் வைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. கொழுந்து பறித்த மலையிலிருந்து ஓடி வந்து பார்த்தால், காம்பராவுக்குள் கணுக்கால் தண்ணீர். மாவு கூழாகிக் கிடந்தது. பிள்ளைகள் டிரங்குப் பெட்டி மேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என் புருஷன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்.

"பாதையில ஒரு சொட்டு நிக்கல, புள்ள. தொரசாணியே நல்லாருக்குன்னு சொல்லிருச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மம்பட்டியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன். தண்ணீர் வெளியேறும் இடத்தில் கற்களைப் பெயர்த்துக் குறுக்கே போட்டு, தண்ணீரை ரோஜாப் பாத்திக்குள் வெட்டிவிட்டேன். கங்காணி குடையோடு ஓடி வந்தான்.

"ஒனக்கு நாளைக்குப் பேரே இல்ல."

"பேரு போட்டா மட்டும் நனைஞ்ச மாவு காஞ்சிருமா?"

பின்னாலேயே வந்த என் புருஷன் மம்பட்டியை என் கையிலிருந்து பிடுங்கினார். கங்காணியை ஏதாவது கேட்பார் என்று நம்பினேன். அவர் மண்டி போட்டு, நான் பெயர்த்த கற்களைப் பழைய இடத்திலேயே பதித்தார். பாத்திக்குள் வெட்டியதையும் மூடினார். பிறகு, தண்ணீர் எங்கள் வீட்டுப் பக்கம் சரியாக ஓடுகிறதா என்று மழையிலேயே குந்தியிருந்து பார்த்தார்.