கையில் முளைத்த முடி

இன்று பெண் பார்க்கக் கணியம்பாடிக்குப் போயிருந்தேன்.

நான் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவன். ஆட்டுத்தோலில் மயிர் கழலும்போது நம் கையிலும் கழன்றுவிடும். மொழுமொழுவென்ற கையைப் பார்த்தாலே பெண் வீட்டார் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் முடி வளர்த்தேன்.

பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாப்பா, இப்பத்தான் மொளைக்குது? எத்தினி நாளா வேலைக்குப் போவல?"

"ஒரு மாசங்க."

அவர் தன் சட்டைக் கையைச் சுருட்டினார். ஒரு முடிகூட இல்லை.

"கட்டிக் குடுத்தப்புறமும் இப்பிடித்தான் வூட்ல குந்தினு இருப்பியா?"

இதற்கு யாரிடமாவது பதில் இருந்தால் சொல்லுங்கள். நாளைக் காலையிலிருந்து நான் தொட்டியில் இருப்பேன்.