என்னைத் தாண்டிப் போன நாய்

எங்கள் வீட்டு நாய்க்குப் பன்னிரண்டு வயது. ஏழால் பெருக்கி, மனிதக் கணக்கில் எண்பத்துநாலு என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். திருமயம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிரித்தார்.

"அப்படி இல்லைங்கய்யா. மொத ரெண்டு வருஷத்துலயே அதுக்கு இருபத்துநாலு வயசு ஆயிரும். பெறகு வருஷத்துக்கு நாலோ அஞ்சோ கூட்டிக்கங்க."

வாசலுக்கு வருவதற்குள் கூட்டிவிட்டேன். எழுபதுக்குப் பக்கம். எனக்கோ அறுபத்திரண்டு. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எதை எங்கே தாண்டியது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எனக்கு ஐம்பது ஆனபோது பிறந்த குட்டி என்னை எப்போது தாண்டியது? வீட்டுக்கு வந்து காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

அந்த வருஷம்தான் மதுரையில் என் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். கனடாவில் இருக்கும் மகனிடம் நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். "அங்க கெடந்து அது என்ன செய்யும் பாவம், லீவுக்கு வரும்போது சொல்லிக்கலாம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். எதிர்வீட்டில் மாமரம் சாய்ந்ததைக்கூட துபாய் மகனிடம் எட்டு மாதம் மறைத்தார்கள். இவனுக்கு அங்கே குடியுரிமைக் காகிதங்கள் இழுத்துக்கொண்டே போய், நாலு வருஷமாக லீவே கிடைக்கவில்லை. சொல்லாதது அப்படியே தங்கிவிட்டது.

நாய் விஷயமும் அதே கதிதான். கல்லூரியில் படிக்கும்போது பையில் போட்டு அவன் தூக்கி வந்த குட்டி அது. வீடியோவில் பேசினால் முதல் கேள்வியே, "அவன் எங்கப்பா? காட்டுங்க." நான் போனைத் திருப்பி முதுகை மட்டும் காட்டுவேன். கண்ணில் புரை விழுந்ததோ மூஞ்சி வெளுத்ததோ தெரியாது. சில நாள், "அங்கிட்டு எங்கயோ சுத்தப் போயிருக்கான்" என்பேன். நாய் என் காலடியில்தான் படுத்திருக்கும்.

போன மாசம் டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாய்க்கு முட்டை, ஈரல், மூட்டுக்கு எண்ணெய். விடிந்ததும் ஊரணிக் கரையில் நடக்கவிட்டேன். நாலு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கோபம் வந்தது, அதன் மேல் ஏன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீசைக்கு மை அடித்துவிட்டு, மிச்சத்தை அதன் மோவாயில் தடவலாமென்று பிரஷ்ஷோடு குனிந்தேன். என் மனைவி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்.

"அது நக்குனா என்ன ஆகும்? ஒங்களுக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? ஒங்களுக்குப் பயம்னா ஒங்களோட வச்சுக்கங்க."

பயம்தான். நாயைப் பார்த்துவிட்டால் அடுத்து என்னைப் பார்ப்பான்.

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து காரில் வந்து இறங்கினான். காலை பத்து மணி இருக்கும். "டேய்!" என்று கேட்டிலிருந்தே கத்தினான். நாய்க்குக் காது மந்தம். பக்கத்தில் போனதும் திடுக்கிட்டு எழ முயன்றது, பின்கால் வழுக்கியது, எழுந்து அவனைப் பார்த்தே குரைத்தது. அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மண்ணில் உட்கார்ந்து கையை நீட்டினான். வெகுநேரம் மோந்து பார்த்துவிட்டு, அவன் ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவன் அதன் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"கண்ணு எப்பருந்து தெரியல?"

"ரெண்டு வருஷமா."

"தெனமும்தான பேசுனோம்?"

நாய்களுக்கு வயது வேகமாக ஏறும் என்று டாக்டர் சொன்னதை ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. என் மனைவியைப் பார்த்தான். அவள் சட்டென்று, "காபி போடுறேன்" என்று உள்ளே போனாள். அவளுக்குப் பொய் சொல்லும்போது முகம் நிற்காது.

திரும்பி என்னையே பார்த்தான். கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை, புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில், வீட்டு வாசலில்.

"நீங்க வீட்டுல சட்டையே போட மாட்டீங்களேப்பா."

நாய் தலையை வைத்திருந்ததால் அவன் காலை நகர்த்தவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"கழட்டுங்க."

நான் மேல் பட்டனில் கை வைத்தேன். அது கழலவே மாட்டேன் என்றது. "இங்கிட்டு வாங்கப்பா" என்றான். குனிந்தேன். சின்ன வயதில் நான் அவனுக்குப் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி, ஒவ்வொன்றாக அவனே கழற்றினான்.